குடைக்காரியின் நாற்பது மணித்தியாலம்

2025 ஜூன் 3, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. சிறை இல்லை. உடைந்த கண்ணாடியை மாற்றிக் கொடுத்தாயிற்று. இனி அடுத்த டவுன் நூலகத்தில் நாற்பது மணித்தியாலம் கூட்டித் துடைக்க வேண்டும். ஜூலை நான்குக்குள் முடிக்காவிட்டால் ஒரு மாதம் உள்ளே. "மன்னிச்சிருங்க ஐயா" என்று நீதவானிடம் மூன்று தரம் சொன்னேன்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? மழை பெய்தால் போதும், அக்கரப்பத்தனை பஸ் எங்கள் துணிக்கடை வாசலில் தொங்கும் சல்வார்களில் சேற்றை வாரியடித்துவிட்டுப் போகும். ஒரு நாள் பொறுத்தேன், ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு குடையை எடுத்து அதன் பக்கக் கண்ணாடியில் ஒரே போடு. அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. இதை நீதவானிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

யா அல்லாஹ், என்ன கூத்து! சீர்திருத்தத் திணைக்களம் தந்த சிங்களக் கடிதத்தை நூலகப் பொறுப்பாளர் யூஜினாவிடம் நீட்டினேன். அந்தப் பிள்ளை தலைப்பில் 'சீர்திருத்தம்' என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சடக்கென்று எழுந்தாள். "வாங்க மேடம்! ஆபீசர் வாறீங்கன்னு யாருமே சொல்லல. ஒக்காருங்க, ஒக்காருங்க."

திருந்த வந்தவளைத் திருத்த வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. குடித்தேன். என்ன செய்ய, குளிருக்கு இதமாக இருந்தது.

யூஜினா ஒப்பமிட வேண்டிய வேலைநேரத் தாள் கைப்பையிலேயே கிடக்கிறது. அதில் 'குற்றவாளியின் பெயர்' என்று தமிழிலும் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். இனிப்புக்கு அவித்த வட்டிலாப்பம் இறுகவில்லை. மனம் இங்கே இருந்தால்தானே.

ஜூன் 12, வியாழன்

இன்றோடு நாலு தரம் போயாயிற்று. விளக்குமாற்றைத் தொட்டால் யூஜினா பறித்துவிடுகிறாள். அது போதாதென்று, ஆபீசர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அழகுமுத்து என்றொரு பெரியவர் முறைப்பாட்டோடு வந்தார். தோட்டத்தில் போட்டிருந்த லீக்ஸ் பயிரைப் பக்கத்து வீட்டுக்காரன் பிடுங்கிவிட்டானாம். "தூக்கி உள்ள போடணும்!" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

லீக்ஸ் திருடனுக்கு ஜெயில். கண்ணாடி உடைத்தவளுக்கு பிளேன்டீ. நல்ல நியாயம்டீ ஆயிஷா!

ஜூன் 19, வியாழன்

பஸ் டிரைவர் சுதாகரன் நூலகத்துக்குள் வந்தான். அந்த டிரைவரேதான்! பஸ் இந்த டவுனில் அரை மணித்தியாலம் நிற்குமாம், பத்திரிகை வாசிக்க வருவானாம். நாற்காலியில் என்னைப் பார்த்தான். மேசையில் பிளேன்டீயைப் பார்த்தான். "நம்ம சீர்திருத்த மேடம்" என்றாள் யூஜினா. அவன் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறான், படுபாவி.

"மேடம், ஒரு சந்தேகம். என் பஸ் கண்ணாடிய ஒரு பொம்பள குடையால ஒடச்சிருச்சு. அதுக்கு என்ன தண்டன குடுக்கலாம்?"

"அந்தம்மா மன்னிப்புக் கேட்டாப் போதாதா?"

"கேட்டுச்சே. நீதவான் ஐயாகிட்ட. ஐயாவா மேடம் பஸ் ஓட்டுறாரு?"

பிளேன்டீயைத் தள்ளி வைத்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல இப்ப எனக்கு 'குடை சுதாகரன்'னு பேரு. எம் பொண்ண ஸ்கூல்ல 'குடை மக'ங்கிறாங்க. அதுக்கு எந்தக் கோர்ட்டு?"

"ஐயோ பாவம். என்ன குடுக்கலாம் மேடம்?" என்று யூஜினா என் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கவே இல்லையே. நெசமா — ஒரு வார்த்த கேக்கல. ஏன் தோணல?

இன்னும் பதினாலு நாள். தாளில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆபீசர் கூத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெளக்கமாறு பிடிக்கிறது வெக்கமா, ஜெயிலுக்குப் போறது வெக்கமா?" என்கிறார். இரண்டும்தான்!

ஜூன் 23, திங்கள்

தாளை யூஜினாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். "ரெண்டு கிழமையா எம் பிஸ்கட்ட தின்னுட்டு..." என்று தொடங்கியவள் முடிக்காமல் விளக்குமாற்றை என் கையில் திணித்தாள். "மணித்தியாலம் இன்னையிலேர்ந்துதான் ஆயிஷாக்கா." ஒரு நாளைக்கு நாலு வீதம், பத்து நாள். சரியாகப் போதும்.

ஜூன் 26, வியாழன்

இடுப்பு! பிளேன்டீ இல்லை.

ஜூலை 4, வெள்ளி

நாற்பதும் முடிந்தது. யூஜினா ஒப்பமிட்டாள், பிளேன்டீயும் தந்தாள். தண்டனை முடிந்துவிட்டதாம். யாருக்கு?

ஜூலை 5, சனி

குடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னையும் குடையையும் கண்டதும் இரண்டு டிரைவர்மார் கண்ணாடிகளைக் கையால் மறைத்தார்கள்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். "ஒடச்சது நான். கிண்டல் பண்றதுன்னா என்னப் பண்ணுங்க. தம்பி, ஒங்களையும் ஒங்க மகளையும் தலகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

சுதாகரன் செருப்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்: "நானும் சில நேரம் வேணும்னேதான் சேத்துல விட்டேன்க்கா."

"எத்தன தரம்?"

"எண்ணலக்கா."

குடைப்பிடியில் என் விரல் இறுகியது. அப்புறம் சிரித்துவிட்டேன். அவனும்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. அக்கரப்பத்தனை பஸ் கடை முன்னால் ஆமையாய் ஊர்ந்து போனது. சுதாகரன் ஒரு ஹோர்ன் அடித்தான். அதன் பின்னால் ஒரு மரக்கறி லொறி தலைதெறிக்க வந்தது.

குடையை எடுத்தேன். "ஆயிஷா, வேணாம்!" என்று இவர் கல்லாவிலிருந்து வாசலுக்குப் பாய்ந்து வந்தார்.

விரித்து, சல்வார்களுக்கு முன்னால் பிடித்தேன். சேறு முழுவதும் இவர் சட்டையில்.