உள்தாழ்ப்பாள்

கள்ளிக்குப்பம், 1988

அன்புத் தங்கைக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சின்னவனுக்குப் பால் கொடுக்கும்போது அறைக்கதவை உள்ளே தாழிடுவது என்று போன மாதம் தீர்மானித்தேன். இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் துணியாத செயல்.

வெளியே மாமியார் விடவில்லை. "புள்ள கத்திகினே கீதே! உனுக்குப் பால் பத்தலடி. டின் மாவு கரைக்கட்டா?"

"பத்தும் அத்தே!"

மூத்தவள் ரோஸி பிறந்தபோது இதே பேச்சை நம்பிப் புட்டி கொடுத்தேன். அவள் சப்ப மறந்தாள், எனக்குப் பால் வற்றியது. அழுகையெல்லாம் பசியல்ல. குழந்தை சப்பச் சப்பத்தான் சுரக்கும். உனக்கும் இரண்டாவது பிறக்கப்போகிறது. உன் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இப்போதே பார். இதோ, மறுபடி தட்டுகிறார்.

சின்னவனுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. அத்தை அந்தப் பால்மாவில் வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டார். ஞாயிற்றுக்கிழமை டின் தீர்ந்தது.

உன் அக்கா