ஊதாவா, பச்சையா?

கயல் அப்பாவுக்கு,

"இங்கேருங்க" என்று நான் கூப்பிட்டால் பாதிச் சோற்றிலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அப்படித் திரும்பிக் கேளுங்கள். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மகள் காரைக்குடியில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறாள். பதறாதீர்கள், படிப்பை நிறுத்தவில்லை. பதினொன்றாவதில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்திருக்கிறாள். மார்க்கெட்டிங் என்று ஒரு பாடமாம். ஒரு பொருளை எப்படி விற்பது என்று புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாதாம். காலாண்டு லீவில் கடையில் நின்று பழக வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு குடை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர் நீங்கள். சிரித்துப் பேசுகிற கடைக்காரனைக் கண்டால், இவன் எதையோ மறைக்கிறான் என்று படியிறங்கிவிடுவீர்கள். அந்தச் சிரிப்பைப் படிக்கவா நம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம்? தீபாவளி நெருங்குகிற நேரம் வேறு. சம்பளம் கேட்காத ஆள் கிடைத்தால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

முதல் நாள் கால் வீங்கி வந்தாள். கடையைக் கூட்டச் சொன்னார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கூட்டுவதும் மார்க்கெட்டிங்கா என்றேன். வாசல் சுத்தமாக இருந்தால்தான் ஆள் உள்ளே வரும் என்று பாடத்திலேயே இருக்கிறதாம். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். அதுதான் எனக்குச் சந்தேகம்.

வீட்டிலும் பேச்சு மாறிவிட்டது. நீங்கள் போனதிலிருந்து எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்பாள், வேண்டாம் என்பேன், போய்விடுவாள். இப்போது அப்படிக் கேட்பதில்லை. "பொடியா, சட்னியா?" என்கிறாள். பொடி என்று சொல்லி, இட்லியைத் தின்று முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னடி இது என்று பிடித்துக்கொண்டேன்.

"வேணுமான்னு கேட்டா வேணாம்னுருவாகம்மா. இதுவா அதுவான்னுதான் கேக்கணும். டீச்சர் சொல்லித் தந்தாக" என்கிறாள்.

பெற்றவளிடமே வியாபாரமா? போய் என் கண்ணால் பார்ப்பது, சரியில்லை என்றால் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் போனேன். அப்போதுதான் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் போணி ஆகவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு அந்த நேரத்தில் ஒரு கடை வாசலில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றேன். எப்படியோ பார்த்துவிட்டாள். ரோட்டைத் தாண்டி வந்து, "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்று கையைப் பிடித்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றே சொன்னவள்.

"போணி ஆகலடி. நான் இங்குட்டே நிக்கிறேன்."

அவள் கையை விடவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி எங்களையே பார்த்தார். "ஐயா, மொதப் போணி எங்கம்மாதான்" என்றாள் அவரிடம். அவர் சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க ஆத்தா, உக்காருங்க" என்றார். நல்ல மனசா, வந்த வியாபாரத்தை விடக்கூடாது என்ற நினைப்பா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அங்கே நெடுநாளாக வேலை பார்க்கிற ஒரு பெண், என்னைப் பார்த்ததுமே சாம்பல் நிறச் சேலை ஒன்றை உருவினாள். கயல் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, என் முன்னால் இரண்டு கண்டாங்கிச் சேலைகளை விரித்தாள்.

"ஊதாவா, பச்சையா?"

என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பச்சை என்று வாயில் வந்துவிட்டது. பால் விற்ற காசைக் கொடுத்து வாங்கினேன்.

"பெத்த தாய்க்கே வித்துட்டா. பொழச்சுக்குவா" என்று அந்தப் பெண் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சுருக்கென்றது. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, அவளோடு பஸ் ஏறினேன். ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"மகளாக் கேட்டியா, கடைக்காரியாக் கேட்டியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கலர்ச்சேலை வேணுமான்னு கேட்டிருந்தா நீ என்னம்மா சொல்லிருப்ப?"

நம் ஊர் கொத்தமங்கலம் வரும்வரை சேலைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "நாளைக்கு மொதப் பஸ்ஸுல போகவா, அடுத்த பஸ்ஸுல போகவா?" என்றாள். போகலாமா என்று கேட்கவில்லை, பாருங்கள். நானும் விடவில்லை.

"நான் கடைக்குள்ள வந்து உக்காரவா, வாசல்ல உக்காரவா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உங்களை மாதிரியே. நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டது இப்போதுதான்.

அதனால் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பயிற்சி முடிகிறவரை அந்த முதலாளி மேல் ஒரு கண் வைத்திருப்பேன். லீவு முடிந்த பிறகு ஒருநாள் கூடுதலாக நிற்கச் சொன்னாலும் விடமாட்டேன். பச்சைச் சேலை பெட்டியில் இருக்கிறது. உங்கள் வருஷத் திதிக்குக் கட்டுவேன். கட்டவா என்று உங்களிடம் கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கயல் அம்மா