உன் பேரில் வந்த பதில்

புஜ்ஜி,

இன்று காலையில் பொடிக்கு மிளகாய் வறுத்தேன். நெடி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. இருமிக்கொண்டே, "ஜன்னலத் தெறடி" என்று சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. நானே போய்த் திறந்தேன். அதற்குள் அலமாரியில் உன் போன் டிங் என்றது. நீ போன பிறகும் அதற்கு ஓய்வில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நானும் தம்பியைக் கட்டிக்கொண்டு நீயும் ஒரே வீட்டுக்கு வந்தோம். ஓரகத்திகள் என்றால் அடுப்பை வைத்துச் சண்டை போடுவார்கள் என்று தெருவே காத்திருந்தது. நாம் சண்டை போட்டதெல்லாம் இந்தப் போனை வைத்துத்தான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மேசை போட்டு மல்லாட்டைப் பொடி விற்றுக்கொண்டிருந்தோம். கிரிவலம் வருகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். நாக்கில் பட்டதும் புருவம் அசைந்தால் வாங்குவார்கள். அசையாவிட்டால் நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான். நீ வந்து, இன்ஸ்டாகிராமில் ஒரு பேஜ் ஆரம்பிக்கலாம் என்றாய்.

"மூஞ்சி தெரியாதவன் எதுக்குடி காசு போடுவான்? வாங்கித் தின்னுட்டு, பூச்சி இருந்திச்சின்னு சொன்னா?"

"யக்கா, நீ போலீசுல இருக்க வேண்டியவ. தப்பா இங்க வந்து மொளகா வறுக்கற."

முதல் வீடியோவுக்கே, மல்லாட்டை என்றால் என்ன என்று யாரோ கேட்டிருந்தார்கள். அடுத்ததில் ஒரு கை வேர்க்கடலையை அள்ளிக் காட்டி, "இதாங்க எங்க ஊரு மல்லாட்டை, நல்லா பாத்துக்கங்க" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் ஆர்டர் வந்தது. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. பொடி வாங்காதவர்களும் இதயத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். எதற்கு அழுத்துகிறார்கள்?

"புடிச்சிருந்தா சும்மா அழுத்துவாங்க, யக்கா."

"சும்மா யாருடி எதக் குடுப்பாங்க?"

நீ ஒரு வீடியோ போட்டால் அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்து உன்னைச் சுற்றி அடுப்பில் போடுவேன். "வியூஸ் ஜாஸ்தியானா நம்ம மொளகா செலவும் ஜாஸ்தி" என்று அதையும் கிண்டல் செய்தாய். கடைசி முறை சுற்றிப் போட்டபோது நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் திகைத்து நின்றேன். நீ, "அது பழைய மொளகாக்கா" என்றாய்.

அதற்கப்புறம்தான் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து, ரெண்டு நாள் லீவுங்க, வந்துடறேன் என்று வீடியோ போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். கொசுவால் வந்தது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அத்தனை கண்களில் ஒன்றுகூட உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று நம்பத்தான் என்னால் முடியவில்லை.

கருமாதி முடிந்ததும் உன் வீட்டுக்காரர், டவுனில் கடைகளுக்கெல்லாம் பேஜ் பார்த்துக்கொடுக்கிற ஓர் ஆளிடம் நம் பேஜையும் ஒப்படைத்தார். உன் பழைய வீடியோக்கள் மறுபடி வர ஆரம்பித்தன. நான் பொடி அரைத்தேன், பாக்கெட் ஒட்டினேன். கேள்வி கேட்கத் தெம்பில்லை.

ஒரு நாள் விலாசம் பார்க்க உன் போனை எடுத்தேன். ஏழாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சேலத்திலிருந்து ஒரு பெண், "காய்ச்சல்னு சொன்னீங்களேக்கா, இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே உன் பேரில் பதில் இருந்தது.

"நல்லா இருக்கேன்மா. புது ஸ்டாக் வந்திருக்கு, அனுப்பட்டுமா?"

மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் படித்தேன். ஒரு நொடி, ஒரே நொடி, நீ எங்கேயோ இருக்கிறாய் என்று நம்பிவிட்டேன். அந்த நொடிக்காகத்தான் அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன் போட்டுக் கேட்டேன். "எல்லாப் பேஜுலயும் இப்டித்தாங்க. பதில் போடலன்னா கஸ்டமர் போயிடுவாங்க" என்றார். உன் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உனுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணி. அவ இல்லன்னு சொன்னா யாவாரம் படுத்துடும். அவ கஷ்டப்பட்டுச் சேத்த ஜனம்."

"செத்தவள நல்லா இருக்கேன்னு சொல்ல வெச்சித்தான் யாவாரம் ஓடணுமா?"

அவர் அழுதார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பேஜை மூடினால் நீ இரண்டாவது தடவை போய்விடுவாய் என்று அவர் நினைத்திருக்கலாம்.

மறுநாள் நானே போனை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பேசினேன். "எம் பேரு உங்களுக்குத் தெரியாதுங்க. வீடியோல பொடி இடிக்கிற கைதான் நான். சிரிச்சிப் பேசின எங்க பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறம் அவ பேருல உங்களுக்கு வந்த பதில் எதுவும் அவ போட்டதில்ல." அழுதபடியே கேமராவை அணைத்தேன். அப்படியே பேஜில் போட்டேன்.

வீடியோவுக்குக் கீழே அழுகிற முகப் பொம்மைகளாக வந்து விழுந்தன. சேலத்துப் பெண் மட்டும், "அப்போ நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். மன்னிச்சிடும்மா என்று எழுத்துக் கூட்டி அனுப்பினேன். இன்னொருவர், "சேல்ஸுக்காக இப்படியெல்லாமா டிராமா போடுவீங்க?" என்று போட்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, புஜ்ஜி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

வியாபாரம் படுக்கவில்லை. முன்னைவிட ஜாஸ்தியாக வருகிறது. "அண்ணி, பாத்தீங்களா" என்று சொல்ல வந்த உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்போது எல்லாப் பதிலையும் நானே போடுகிறேன். "நான் பெரியவ பேசறேன்" என்று தொடங்கித்தான் போடுகிறேன்.

ஊரையே சந்தேகப்பட்டவள், இப்போது என்னை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். அன்று அழுத வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பொடி பாக்கெட்டுகள், பேர் தெரிகிற மாதிரி, வரிசையாக நிற்கின்றன. அவை எப்போதும் அங்கேதான் இருக்கும். ஆனால் உட்காரும் முன்பு, கோணலாக நின்ற ஒன்றை என் கை நேராகத் திருப்பி வைத்தது நினைவிருக்கிறது. அது பழக்கமா, வியாபாரமா? நீ பார்த்திருந்தால், அந்த அழுகையை நம்பியிருப்பாயா, புஜ்ஜி?