செயின் கழுவப் பெட்ரோல் கிடையாது

மகாராஜா நயினாருக்கு,

பைக் செயின் கழுவ வாங்கிவந்த பெட்ரோலைத் தேடாதீர்கள். வண்டி டேங்கிலேயே ஊற்றிவிட்டேன். எரிய வேண்டிய இடத்தில் எரியட்டும்.

"ஒரகடம் கம்பெனில இதுலதான் கழுவுறோம்"னு நேற்று சமையலறையில் செயினோடு உட்கார்ந்து கத்தினீர்கள். அங்கே உங்கள் அசெம்பிளி லைன் பக்கத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறதா? இங்கே சமையலறையில் எரிகிறது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அது போதும்.

மண்ணெண்ணெய் வாசலில் இருக்கிறது. காய நேரமாகும், ஆனால் கிரீஸ் கரையும். வெளியிலேயே ஊறவைத்துத் தேயுங்கள். என் இட்லிக் குண்டானைத் தொட்டால் தெரியும் சேதி.

ரசம் வைத்திருக்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை, உப்பில் தெரியும்.

சந்திரலேகா

பி.கு.: பாத்திரக்கடை வைத்திருக்கும் எங்கப்பா பேரம் பேசாமல் எடுத்தது உங்களை மட்டும்தான். எரிந்துபோனால் மாற்றித் தர ஆளில்லை. அதனால்தான் நானும் கத்தினேன்.