குரோதாய் மீன் பாடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? சப்போரோவில் இன்னும் பனி விடவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

நேற்று உயிரியல் வகுப்பில் குரோதாய் மீனை அறுத்துக் காட்டினேன். ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன் என்று விளக்கும்போது, நம் மீன்கடையில் நீங்கள் அடிக்கும் ஜோக்கையும் சொன்னேன்: "இந்தப் பயலை இப்பவே வாங்கிடுங்க, அடுத்த வருஷம் பொண்ணாகி ரொம்ப அலட்டிக்குவா!" வகுப்பே சிரித்தது.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டுல பிள்ளை மாறினாலும் உங்கம்மா இப்படிச் சிரிச்சு ஏத்துக்குவாங்களா, டீச்சர்?" என்று கேட்டது.

"ஏத்துக்குவாங்க" என்றேன். பிறகு கை கழுவப் போனவள், குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

நெத்திலிக் கருவாடு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். அப்புறம், இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் ஓபோன் பண்டிகைக்குள் கோயில் குருக்களைப் பாருங்கள். பூசை மாடத்தில் தம்பிக்கென்று வைத்த நினைவுப் பலகையில் இருக்கும் ஆண் பெயரை எடுத்துவிட்டு, அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெண் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உயிரோடு இருந்தபோதுதான் வாசலோடு திரும்பிப் போனாள். இந்த முறையாவது மிசுஸு உள்ளே வரட்டும், அம்மா.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

கனாயே