நானும் அந்த ஃபிளாட் ஆள்தான்

அன்பு அக்கா,

இன்று சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் யாரோ ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள், இஞ்சித் தேநீர் மணத்தது. சட்டென்று திரும்பி உங்களைத்தான் தேடினேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகியும் இந்த மூக்குக்கு அது விளங்கவில்லை.

பிள்ளைகள் உள்ளே படிக்க, நீங்களும் நானும் கார் பார்க்கில் நின்று ஊர் வம்பு அளந்த காலம் அது. நீங்கள் மதுரை, நான் யாழ்ப்பாணம். ரயில் ஸ்டேஷனடி ஃபிளாட்டுகளில் புதிதாய்க் குடியேறிய அகதிப் பிள்ளைகள் அப்போது தொலைவில் வேறொரு பள்ளிக்குப் போனார்கள். அவர்களையும் எங்கள் அரசுப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கவுன்சில் தேர்தலில் நின்ற ஒருவர் எங்களிடம் வந்து, "நீங்கள் நல்ல குடியேறிகள்" என்று கைகுலுக்கினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பள்ளிக்காகவே அங்கே வீடு வாங்கியவர்கள் அல்லவா! எதிர்ப்பு மனுவோடு கார் காராய்ப் போய்க் கையெழுத்து வாங்கியவள் நான்தான்.

நீங்கள் மட்டும் பேனாவைத் தொடவில்லை. "வந்த புதுசுல நீ எங்கடி இருந்தே?" என்று காதோடு கேட்டீர்கள்.

அதே ஃபிளாட்டில்தான், அகதியாய். உங்களுக்கு மட்டும் சொன்ன கதை. எனக்கு வந்ததே கோபம்! "அது வேற, இது வேற. உங்கட வேலையைப் பாருங்கோ அக்கா" என்று கத்தினேன். என்ன வேற? ஒரு மண்ணும் இல்லை.

பள்ளி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எங்கள் ஆட்களில் நீங்கள் ஒருவர்தான் அந்தப் பிள்ளைகளுக்காக எழுந்து பேசினீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என்னைக் கைகாட்டியிருந்தால் அங்கேயே வென்றிருப்பீர்கள். காட்டவில்லை. வெளியே வந்து, "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? டீ குடி" என்றீர்கள். அவ்வளவுதான்.

எல்லை மாறியது, பிள்ளைகள் வந்தார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. என் மகள் இப்போது அவர்களில் ஒருத்தி வீட்டிலேயே பழிகிடக்கிறாள்.

போன மாதம் இன்னும் சில தெருக்களைச் சேர்ப்பது பற்றி மறுபடி கூட்டம். "அந்த ஃபிளாட் ஆட்கள்..." என்று தொடங்கியவர் இந்த முறை எங்கட ஆள். எழும்பி மைக்கை வாங்கி, "நானும் அந்த ஃபிளாட் ஆள்தான்" என்றேன்.

நீங்கள் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லாததை, அக்கா, நானே மைக்கில் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் அதைக் காக்க வேண்டாம்.