இனி என்ன வரணும்?

தக்கலை,
20 நவம்பர் 1956

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் சுகம். சாப்பாட்டுக்கும் குறையில்லை.

பதினெட்டு வருஷம் தாலுகா ஆபீஸில் மலையாளத்தில் எழுதினேன். அதனால்தான் வேலையில் மனம் ஒட்டவில்லை என்று வீட்டில் எரிந்து விழுந்தேன். தமிழ் வரட்டும், அப்புறம் பார் என்று உன்னிடம் சொன்னேன், மனு கொண்டுவந்தவர்களிடமும் சொன்னேன். இந்த மாதம் நம் ஜில்லா மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தமிழும் வந்துவிட்டது.

நேற்று செல்லத்தாய் என்றொரு விவசாயி மனு கொடுத்தாள். படித்துப் பார்க்காமலே, "மேல் நடவடிக்கைக்கு" என்று எழுதி ஒதுக்கினேன். அதே பழைய வரி, இப்போது தமிழில்.

அவள் நகரவில்லை. "அண்ணாச்சி, தமிழ் வந்தா மனசு வச்சுச் செய்வேன்னு நீங்கதானே சொன்னிய? இனி என்ன வரணும்?" என்றாள்.

ஒதுக்கிய தாளைத் திரும்ப எடுத்தேன். பிறகுதான் மனுவைப் படித்தேன். பேச்சிப்பாறை அணை வாய்க்கால் கரை உடைந்து, நட்ட பயிர் மூழ்கிக் கிடக்கிறதாம்.

நாளைக் காலையில் அந்தக் கரையைப் பார்க்கப் போகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கேயும் மனம் ஒட்டாவிட்டால்? இனிமேல் குறை சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

"மலையாளம் போனாலும் உங்க மூஞ்சி மாறாது" என்று சொல்லிவிட்டுத்தானே நீ அம்மா வீட்டுக்குப் போனாய்? கரையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கடிதம் வரவில்லையென்றால், நீ சொன்னதே சரி.

பிள்ளைகளின் அப்பா